ஒத்தை எண்ணும் கிருபாபாயும்

கிருபாபாய் என்ற பேரை நான் முதலில் கேட்டது செட்டியார்பட்டி சர்ச்சில், ஞானஸ்நானத்தன்று. என் தங்கச்சி தங்கபாய்க்கு நாலாவது பிள்ளை. தண்ணீர் தெளித்ததும் அழாமல் போதகரையே உற்றுப் பார்த்தது. அன்றைக்கே சந்தேகப் பிராணி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தொண்ணூற்றி ரெண்டில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் போனாள். அங்கே தினமும் பத்துக் கோனிலிருந்து, அதாவது நூல் சுற்றின கூம்பிலிருந்து, நூலை இழுத்துப் பார்த்துப் பலத்தைக் குறிப்பார்கள். அந்தப் பத்து எண்ணையும் அடைப்புக்குறிக்குள் வரிசையாகக் கொடுத்தால் சராசரி சொல்கிற புரோகிராம் இவள் எழுதினது. மூணு மாசம் தப்பில்லாமல் ஓடினால் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். அதுவரை காகிதத்தில் சராசரி போட்டுவந்த ஐயாதுரை அண்ணாச்சி, அது எப்போ படுக்கும் என்று காத்திருந்தார்.

மூணு மாசம் முடியப்போகிற சமயம், ஆண்டாள் தேரன்றைக்குப் படுத்தது. ஆளெல்லாம் வடம் பிடிக்கப் போய்விட, ஓடினது ஒரே மிஷின், இழுத்தது ஒரே கோன். அண்ணாச்சி அடைப்புக்குறி போடாமல் ஒத்தை எண்ணை வெறுமனே தட்டிவிட்டார். வரிசையில் முதல் எண் எது என்று தேடின புரோகிராம், வரிசையே இல்லாமல் நின்றுபோனது.

"ஏம்மா, உன் பெட்டியும் தேர் பாக்கப் போயிட்டா?" என்றாராம்.

மேனேஜர் ஒரு நாள் தவணை கொடுத்தார். எத்தனை எண் வந்திருக்கிறது என்று எண்ணச் சொல்லிப் பார்த்தாள் இவள். வரிசையாக வராததை எண்ணவும் அதுக்குத் தெரியவில்லை. பொறவுதான் புத்தி வந்து, புரோகிராமின் வாசலிலேயே ஒரு கேள்வி வைத்தாள். வந்தது ஒத்தை எண்ணா, வரிசையா? ஒத்தை என்றால் அதுவே சராசரி.

மறுநாள் மேனேஜர் முன்னால் அண்ணாச்சி வேணுமென்றே, ஒரே ஒரு எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டு வரிசையாக அனுப்பினார். பெட்டி அதை வரிசை என்றே எடுத்துக்கொண்டு சரியாகச் சொன்னது.

"ஒரு ஆள் நின்னா அது வரிசையாம்மா?"

"ரேஷன் கடையில எல்லாரும் போனபொறவு கடைசி ஆளு நிக்கான்லா அண்ணாச்சி, அது வரிசைதான். அவனே வீட்டுல இருந்தா ஒத்தை ஆளு."

அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜர் வேலை நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கேள்வி அவளை விடவேயில்லை. கூமாப்பட்டியிலிருந்து பால்துரை பெண் பார்க்க வந்தபோது, அடுப்படியில் என் காதோரம் கேட்டாள், "பெரியம்மா, வந்திருக்கது ஒத்தையா, வரிசையா?"

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, தனியாகத்தான் வந்திருந்தார். "குடும்பந்தான்ட்டி, ஆளுதான் ஒண்ணு," என்றேன். உடனே காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது கிருபாபாய் அதே மில்லில் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொள்கிறாள், பால்துரையோடு வீடு செட்டியார்பட்டியில்.