ரெண்டு கட்டை குறைச்சாச்சு

தச்சர் தன் மச்சானுக்கு இருபதாயிரம் கடன்பட்டிருந்தார்.

இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, ஓர் உளியும் ஓர் இழைப்புளியுமாகத் தொழிலுக்கு வந்தவர் அவர். இன்றைக்குச் சொந்தப் பட்டறை, சொந்த வீடு, அறுவை இயந்திரம் இரண்டு. அவர் செய்த கதவு இல்லாத தெரு அந்தப் பக்கத்தில் கிடையாது. அவர் கண்ணால் பார்த்து ஓர் அளவைச் சொல்லி, டேப்பில் வேறு அளவு வந்தால், டேப்பைத்தான் மாற்ற வேண்டும். அப்பேர்ப்பட்ட மனுஷன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை கைநீட்டினார். இரண்டாவது இயந்திரத்தை இறக்கிய மாதம் அது. கையில் காசு புரளவில்லை. ஆனால் ஒரு மைக்கும் ஒரு பழைய லேப்டாப்பும் அன்றைக்கே வேண்டும். அவரிடம் இருந்த பொறுமையெல்லாம் மரத்துக்கே செலவாகிவிடும். மற்றதற்கு மிச்சம் வைப்பதில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடைக்காரர். பணத்தை எடுத்துக் கொடுக்கும்போதே வாயையும் திறந்தார்.

"அறுபத்தோரு வயசுல மைக் எதுக்கு மாப்ள? எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?"

"பாட்டுப் போடறேன் மச்சான். சொந்த மெட்டு. நெட்ல ஒரு குழு இருக்கு."

"நீ பாடறதைக் கேக்க ஒரு குழுவா! எல்லாருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?"

இரண்டே மாதத்தில் தச்சர் முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போனார். மச்சான் நோட்டுக் கட்டை வாங்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"மரத்தூள் வாசனை அடிக்குது. இது கட்டில் வித்த காசு. எனக்கு வேணாம் மாப்ள. பாட்டு வித்த காசு கொண்டா, ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கறேன்."

"வராதுன்னு நினைக்கிறியா?"

"வரட்டுமே! அதுவரைக்கும் கல்யாண வீடு, காதுகுத்து வீடுன்னு போற இடத்துல சொல்லிச் சிரிக்க எனக்கும் ஒரு சங்கதி வேணாமா?"

சொன்னபடியே செய்தார். போகிற வீட்டிலெல்லாம், "எங்க மாப்ள இசையமைப்பாளர். என் காசுல!" என்றார். அன்றிலிருந்து தச்சருக்குத் தொண்டையில் முள் நின்ற மாதிரி ஆயிற்று. பாட்டு விற்ற காசைத்தான் அந்தக் கையில் வைப்பது என்று மனைவி முன்னால் நெஞ்சில் தட்டிச் சொன்னார். "தட்டினது போதும், நெஞ்சு வலிக்கப் போகுது" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

குழுவின் பெயர் 'சொந்த மெட்டு'. பஸ் ஓட்டுகிறவர், வங்கியில் இருப்பவர், துணிக்கடைக்காரர் என்று முந்நூறு பேர். தொழிலுக்குப் பாடுகிறவர் ஒருவரும் இல்லை. அங்கே ஒரே ஒரு சட்டம்: உன் பாட்டைப் போடும் முன்னால் அடுத்தவர் பாட்டு மூன்றைக் கேட்டு, நல்லது கெட்டது எழுத வேண்டும். தச்சர் ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதுவார். "பல்லவியும் சரணமும் சேர்ற இடத்துல விரிசல் தெரியுது. இன்னும் கொஞ்சம் இழைங்க." "மரம் நல்ல மரம். பாலிஷ்தான் ஜாஸ்தி." "இந்தக் கடைசி வரி நாலாவது கால் குட்டையான ஸ்டூல் மாதிரி ஆடுது." முதலில் சிரித்தார்கள். அப்புறம், 'உளி என்ன சொல்கிறார்?' என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள். குழுவில் அவர் பெயர் அதுதான், உளி.

ஆனால் அவருடைய சொந்தப் பாட்டு மட்டும் எடுபடவில்லை. அங்கே ஒரு டான்ஸ் டீச்சர் இருந்தார். எந்தப் பாட்டுக்கும் ஒரே வார்த்தைதான் எழுதுவார்: "சுமார்." அதனால் எல்லோருக்கும் அவர் சுமாரம்மா. தச்சர் போட்டது பதினொரு பாட்டு. பதினொரு சுமார்.

பன்னிரண்டாவது, ஓர் ஆஸ்பத்திரிக் கதவை இழைத்துக்கொண்டிருந்தபோது வந்தது. இழைப்புளி போன திசையில் மெட்டும் போயிற்று; சுருள் சுருளாகச் சீவல் விழ, வரி வரியாகப் பாட்டு விழுந்தது. தச்சர் வேலையை அப்படியே போட்டுவிட்டு, மூலையில் கிடந்த தேக்குத் துண்டுகளை அள்ளினார். ஏழு கட்டை அறுத்து, கயிற்றில் வரிசையாகக் கோத்துத் தொங்கவிட்டு, இரண்டு குச்சியால் தட்டினார். ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு குரல். தொண்டை கொடுத்த உயரத்தில் முனகிக்கொண்டே கட்டையைத் தட்டிப் பதிவுசெய்து, சனிக்கிழமை காலையில் குழுவில் போட்டார்.

பட்டறை மேசையில் போன் கிடுகிடுத்தது. அதிர்ந்த அதிர்வில் மரத்தூள் எழும்பிற்று. இது ஹிந்தோளம் என்று ஒருவர், இல்லை சுத்த தன்யாசி என்று இன்னொருவர், இருவரும் ஒரு மணி நேரம் கட்டிப் புரண்டார்கள். "எனக்குத் தெரிஞ்சது தேக்கும் வேம்பும்தான், நீங்களே பேசி முடிங்க" என்று தச்சர் எழுதினார். சுமாரம்மா வாயே திறக்கவில்லை.

மதியம் ஒரு நர்ஸ் எழுதினாள். நல்ல குரல், சின்ன வயதில் முறையாகப் பாட்டுப் படித்தவள். "உளி அண்ணா, கேட்டதிலிருந்து மனசுக்குள்ளேயே ஓடுது. நான் பாடித் தரேன். ஆனா ஏழு கட்டைல இருக்கு, கஷ்டமா இருக்கு. ரெண்டு கட்டை குறைச்சு அஞ்சு கட்டைல தாங்க."

தச்சர் துள்ளிக் குதித்தார்.

"அடியே, இங்க வா! நான் எத்தனை கட்டை வச்சேன்னு யார்கிட்டயும் சொல்லல. காதாலயே எண்ணிட்டா! ஏழுன்னு எழுதியிருக்கா! இதுக்குப் பேருதான் ஞானம்."

மனைவி எட்டிப் பார்த்தாள். "சரி, ரெண்டை எடுக்கச் சொல்றாளே, எடுக்க வேண்டியதுதானே?"

"எதை எடுக்கறது? ஏழும் என் கையால அறுத்தது."

"தட்டுங்க பாப்போம்."

தட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இதோ, நடுவுல இருக்கற ரெண்டு. யாரையும் பேச விடாம லொடலொடன்னு பேசிக்கிட்டே இருக்கு, உங்க தங்கச்சிங்க மாதிரி. எடுங்க வெளியே."

தங்கைகளை இழுத்தது பிடிக்கவில்லை. ஆனால் சொன்னது சரியாக இருந்தது. அந்த இரண்டையும் அவிழ்த்தார். அவை இருந்த இடத்தில் தாளம் ஒரு நொடி நின்று நின்று போயிற்று. மறுபடி பதிவுசெய்து ஞாயிறு காலையில் போட்டார். மேலே பெருமையாக எழுதினார்: "சொன்னபடி ரெண்டு கட்டை குறைச்சாச்சு."

நர்ஸ் எழுதினாள்: "அண்ணா, சுருதி அதே ஏழுலதான் இருக்கு. எந்தக் கட்டையைக் குறைச்சீங்க?"

தச்சர் இரண்டு தேக்குத் துண்டையும் மேசையில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

பிறகு சிரிப்பு மழை. சிரிக்கிற பொம்மை நூறு, இருநூறு. பாட்டுக்காரர்கள் குரலின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்களாம். ஏழு கட்டை என்றால் அவ்வளவு உச்சம், ஐந்து கட்டை என்றால் கொஞ்சம் கீழே. மரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குழுவில் மற்றவர்கள் சுருதி என்று மட்டுமே எழுதியதால் இது அவர் கண்ணில் பட்டதே இல்லை. தச்சருக்குக் காது மடல் சுட்டது. போனைக் கவிழ்த்துப் போட்டார். மச்சான் காதுக்கு இது போனால் அடுத்த பத்து வருஷத்துக்கு அவருக்கு வேறு கதை வேண்டியிருக்காது.

கவிழ்த்துப் போட்ட போன் மறுபடி அதிர்ந்தது. மனைவிதான் எடுத்துப் பார்த்தாள். "ஏங்க, சுமாரம்மா எழுதியிருக்காங்க. ரொம்ப நீளமா!"

"படி."

"'எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சுன்னா பாட்டைக் கேளுங்க. நேத்துப் போட்டதுல மூச்சு விட இடமில்ல. இன்னிக்கு ரெண்டு கட்டை போன இடத்துல பள்ளம் விழுந்திருக்கு. அந்தப் பள்ளத்துல என் பிள்ளைங்க காலை வச்சா சலங்கைச் சத்தம் தனியாக் கேக்கும். அடுத்த வாரம் நிகழ்ச்சி. வியாழக்கிழமைக்குள்ள நர்ஸ் குரல்ல வந்தா நான் விலைக்கு எடுத்துக்கறேன். வரலைன்னா வேற பாட்டு.'"

தச்சர் போனைப் பிடுங்கித் தானே ஒருமுறை படித்தார். விலைக்கு! எங்கேயும் சுமார் என்ற சொல் இல்லை. கீழே ஒரு வரி: "எவ்வளவு?"

போன் போட்டே பேசினார்.

"கூலி மட்டுமா, சரக்கோட சேர்த்தாம்மா?"

"பாட்டுக்கு என்னங்க சரக்கு?"

"அஞ்சு கட்டை, ஒரு நர்ஸு. இருபத்தஞ்சாயிரம்."

"பதினஞ்சு."

"என் கதவுக்கே நான் பேரம் பேச விடறதில்ல."

அந்தப் பக்கம் சிரித்தார்கள். "சரி. ஆனா வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை வந்து நிக்காதீங்க."

இப்போது நிஜமாகவே இரண்டு கட்டை குறைக்க வேண்டும். லேப்டாப்பில் ஒரு பொத்தானை அமுக்கினால் சுருதி இறங்கிவிடும் என்று வங்கிக்காரர் எழுதினார். தச்சர் அமுக்கிப் பார்த்தார். கட்டைச் சத்தம் சளி பிடித்த தொண்டை மாதிரி வந்தது. "இதை நான் கையால இறக்கறேன்" என்று எழுதிவிட்டு இழைப்புளியை எடுத்தார்.

எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, கை சொன்னதுதான். கட்டையின் நுனியை அறுத்தால் குரல் ஏறும். அடிவயிற்றை நடுவில் இழைத்தால் குரல் இறங்கும். ஆனால் இழைத்ததை ஒட்டவைக்க முடியாது. ஒரு சீவல் கூடப் போனால் அந்தக் கட்டை அடுப்புக்குத்தான். ஒரு சீவல், ஒரு தட்டு. போனில் ஐந்து கட்டைச் சுருதியை ஓடவிட்டு, ஒரு சீவல், ஒரு தட்டு. திங்களும் செவ்வாயும் அதிலேயே போயின. ஆஸ்பத்திரிக் கதவுக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். புதன்கிழமை ஐந்தாவது கட்டை மனம் தளர்ந்த மாதிரி ஒரேயடியாக இறங்கிவிட்டது. தச்சர் ரம்பத்தை எடுத்தார். பிறகு நுனியில் நூலளவு அறுத்தார். தட்டினார். ஏறி வந்து சுருதியில் உட்கார்ந்தது!

"பாத்தியா! இறக்கவும் தெரியும், ஏத்தவும் தெரியும்!" என்று போட்ட சத்தத்தில் அடுத்த கடைக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்.

வியாழன் பகல் நர்ஸுக்குச் சாப்பாட்டு இடைவேளை அரை மணி. ஆஸ்பத்திரியில் போர்வைகள் அடுக்கும் அறையில் எதிரொலி இருக்காது என்று அங்கே நின்று பாடி அனுப்பினாள். தச்சர் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். அவர் முனகிய மெட்டா அது? குரல் உச்சத்துக்குப் போய், தயங்காமல் நின்று, கட்டை விழாத பள்ளத்தில் மெல்ல இறங்கியது. அவருக்குக் கண் கலங்கிற்று. மரத்தூள் என்று மனைவியிடம் சொன்னார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பாட்டு போயிற்று. நாலரைக்குப் பதில் வந்தது. ஒரே வார்த்தைதான். "பிரமாதம்." குழு முழுக்க அதைப் படமெடுத்துப் போட்டு ஆடித் தீர்த்தது. சுமாரம்மா வாயிலிருந்து இன்னொரு சொல் வந்ததே பெரிய செய்தி.

வந்த இருபத்தைந்தாயிரத்தில் நர்ஸுக்கு ஐயாயிரம் அனுப்பினார். அவள் வேண்டாம் என்றாள். "என் பட்டறையில எவனும் சும்மா வேலை பாத்ததில்லம்மா, வாங்கிக்க" என்றார். மிச்சத்தை வங்கியில் எடுக்கும்போது, மொடமொடப்பான புது ஐநூறு நோட்டாகவே கேட்டு வாங்கினார். பழைய நோட்டில் எவன் தொழில் வாசனை அடிக்குமோ!

கடையில் ஆள் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் போனார். மச்சான் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தச்சர் நோட்டுக் கட்டை முகத்துக்கு நேரே நீட்டினார். மச்சான் பழக்க தோஷத்தில் மோந்து பார்த்தார். இன்னொரு தரம் மோந்தார்.

"வாசனையே இல்லையே மாப்ள?"

"பாட்டுக்கு ஏது வாசனை? காதைக் குடு."

போனைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துப் பாட்டைப் போட்டார். கீல் வாங்க வந்தவர் கீலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஐந்து கட்டையும் சேர்ந்து விழுந்தன, நர்ஸின் குரல் எழுந்தது. முதல் பள்ளம் வந்தபோது மேசைக்கு அடியில் மச்சான் செருப்பு ஒருமுறை தரையைத் தட்டிற்று.

"இது... நீ போட்டதா?"

"கையை நீட்டு மச்சான். ரெண்டு கையும்னு சொன்ன. ஒண்ணு போதும்."

மச்சான் தராசுத் தட்டை விட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். தச்சர் எச்சில் தொடவில்லை, அவசரப்படவில்லை. கட்டை விழும் இடத்தில் ஒரு நோட்டு, பள்ளத்தில் நிறுத்தம். மறுபடி ஒரு நோட்டு. கடையில் நின்றவர்கள் கூடவே எண்ண ஆரம்பித்தார்கள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. கடைசிப் பள்ளம் வந்தது. மச்சான் செருப்பு தட்டும்வரை காத்திருந்துவிட்டு, நாற்பதாவது நோட்டை அந்த விரிந்த உள்ளங்கையில் வைத்தார்.