பேய் முகாமில் கேட்ட இரைச்சல்

போர் நடந்த காலத்தில், மாங்குளத்துக்கு அருகே உள்ள எங்கள் பாடசாலைக் களியாட்டத்தில் ஆசிரியர்கள் நாங்கள் ஒரு 'பேய் முகாம்' அமைத்தோம். இருட்டுக் கொட்டிலுக்குள் இராணுவச் சீருடை போட்ட பேய் வேடக்காரர்கள் பாய்வார்கள். கசெட்டில் குண்டுவீச்சு விமானம் இரையும். மின்சாரம் இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் நான்தான் கசெட்டை ஓட்டினேன். வந்தவர்கள் அலறி அலறிச் சிரித்தார்கள்.

கை உளைந்ததால் சுற்றுவதை விட்டேன். சக்கரம் நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.

"உண்மையான பிளேன்! பங்கருக்குள்ள ஓடுங்கோ!" என்று கத்தினேன்.

"ரீச்சர் நல்லா நடிக்கிறா," என்று ஒரு தாய் சிரித்தார்.

அவரை இழுத்து, நின்ற சக்கரத்தைக் காட்டினேன். அதன்பிறகே எல்லோரும் ஓடினார்கள். நாங்கள் பங்கர் குழிக்குள் இறங்கிப் பதுங்கியதும் குண்டு விழுந்து கொட்டில் எரிந்தது.

இப்போதெல்லாம் பாட்டுக் கேட்டாலும் இடையிடையே கசெட்டை நிறுத்தி, வானத்துக்குக் காது கொடுக்கிறேன்.