எட்வின் அண்ணனைத் தெரிந்தெடுத்த நாள்

எட்வின் அண்ணன் போய்விட்டார். முந்தாநாள் விடிய, நித்திரையிலேயே...

என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும். நாங்கள் வேலை செய்த பள்ளிக்கூட ஒஃபிஸில் தரம் ஒன்று அட்மிஷன் ஃபைல் பார்த்த, சிரிக்காத, மெலிந்த மனிதர். உங்களில் சிலர் அவரைத் திட்டியிருப்பீர்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

பதினொரு வருடம் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது.

லைட் பில், தண்ணி பில், வீட்டு உறுதி, வாக்காளர் இடாப்பு... வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் என்று காட்டப் பெற்றோர் கொண்டுவரும் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் புள்ளி போடுவார். ஒருமுறை வெள்ளவத்தைக் கடை முதலாளி ஒருவர் பெரிய ரிபன் கேக் ஒன்றோடு வந்தார். எட்வின் அண்ணன் அதை வாங்கி, அங்கேயே வெட்டி, வரிசையில் நின்ற பெற்றோர் எல்லோருக்கும் கொடுத்தார். முதலாளிக்கும் ஒரு துண்டு.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தான் நான். என் மகளுடைய ஃபைல் அவர் மேசைக்குப் போகும் வரைக்கும்.

இடம் கிடைக்க இரண்டு புள்ளி குறைந்தது. பதியாத பழைய வாடகை ஒப்பந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. "இதையும் சேர்த்துப் பாருங்கோ அண்ணன், ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன்.

"ஏலாது தங்கச்சி. ஒரு பேரை உள்ள போட்டால் கடைசிப் பேர் வெளிய போகும்."

அடுத்த மேசைக்காரியின் பிள்ளையை விட முகம் தெரியாத அந்தக் கடைசிப் பேர் பெரிதா... எனக்குப் பற்றி எரிந்தது. ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டையும் தூக்கிக்கொண்டு லைப்ரரிக்குப் போய்விட்டேன்.

எட்டாம் நாள் இரண்டு பிளேன் டீயோடு அங்கேயே வந்து உட்கார்ந்தார். சமாதானம் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னார்.

அவரும் அவருடைய அண்ணன் அல்பிரட்டும் கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள். இவருக்கு ஐந்து வயது, அண்ணனுக்கு எட்டு. ஹெவ்லொக் டவுனில் இருந்து பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க வந்தார்களாம். ஒரே ஒரு பிள்ளை.

"எங்களை வரிசையில விட்டவை. அண்ணன் எனக்குப் பின்னால நிண்டவன். அவன் நல்லாப் பாடுவான், நல்லாப் படிப்பான். நான் மூக்கு வடிஞ்சுகொண்டு நிண்டனான். அந்த அம்மா என்னைத்தான் காட்டினவ."

இவர் பங்களாவில் வளர்ந்தார், படித்தார், கவர்மெண்ட் வேலை. அல்பிரட் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்.

நான் கோயிலுக்குப் போகிறவள். பைபிள் கதை எனக்குத் தெரியாது. அவர்தான் சொன்னார்... யாக்கோபு, ஏசா என்று ஒரே வயிற்றில் இரண்டு பேர். பிறக்க முதலே, ஒரு நன்மை தீமையும் செய்ய முதலே, கடவுள் யாக்கோபைத் தெரிந்தெடுத்தார். புள்ளி பார்க்கவில்லை. அவருடைய இஷ்டம், அவ்வளவுதான்.

"பாஸ்டர் அதைப் பிரசங்கிக்கேக்க எல்லாரும் யாக்கோபை நினைச்சு சந்தோசப்படுவினம். எனக்கு ஏசாதான் நினைவு வரும். ஆண்டவர் செய்ததில பிழை இல்லை தங்கச்சி, நான் அதை நம்புறன். ஆனா ஏன் அவன் இல்லை எண்டு அவரிட்ட கேக்காமல் ஒரு நாளும் படுத்ததில்லை."

நான் சும்மா இருப்பேனா? "அப்ப ஆண்டவர் மாதிரி நீங்களும் புள்ளி பாக்காமல் என்ர பிள்ளையை எடுக்கலாம்தானே?" என்றேன்.

"அவர் செய்தால் கிருபை. நான் செய்தால் களவு."

அன்றைக்குத்தான் அவர் சிரிப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். மகள் கிருலப்பனையில் வேறு பள்ளிக்கூடத்தில் படித்தாள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஒவ்வொரு ஞாயிறும் சேர்ச் முடிய எட்வின் அண்ணன் நேரே கொட்டாஞ்சேனைக்குத்தான் போவார். அல்பிரட்டோடு மத்தியானச் சாப்பாடு. மழை, ஊரடங்கு... அவை மட்டும்தான் தடுக்கும்.

நேற்று உடல் வைத்திருந்த மலர்ச்சாலையில் அல்பிரட் ஐயாவை முதல் தடவையாகக் கண்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். நான் யார் என்று சொன்னேன். "ஏன் நீங்கள் இல்லை எண்டு ஆண்டவரிட்டக் கடைசி மட்டும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவர் ஐயா" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

 அவர் மெல்லச் சொன்னார்.

"அவை பாக்கேக்க நான் வரிசையில நிக்கேல்லை, மகள். ஒருத்தனைத்தான் எடுப்பினம் எண்டு மேட்ரன் சொன்னவ. காரில ஆக்கள் வந்து இறங்க, பின்னால இருந்த நான் மெல்ல நழுவிப் போய்க் சமையல் குசினிக்குப் பின்னால ஒளிச்சிட்டன். அவன் திரும்பிப் பாக்கேல்லை."

 "இவ்வளவு காலமும் அவரிட்டச் சொல்லேல்லையா?" என்று கேட்டேன்.

"எப்பிடிச் சொல்லுறது? ஆண்டவர் என்னைத் தெரிஞ்செடுத்தவர் எண்டு சேர்ச்சில எழும்பி நிண்டு சாட்சி சொல்லுறவன். நான் போய் இடையில நிக்கவோ?"

தம்பியின் கோட் காலரைச் சரியாக்கினார்.

"எட்டு வயசில எனக்கு அந்தப் புத்தியை ஆர் தந்தது எண்டு எனக்கும்தான் தெரியாது."

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்கோ. இனி அவனுக்குத் தெரிஞ்சால் என்ன" என்றார்.

ஆராதனை நாளை பின்னேரம் மூன்று மணிக்கு, அவருடைய சேர்ச்சில். அதன் பிறகு கனத்தை மயானத்தில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள். அல்பிரட் ஐயாவோடும் இரண்டு வார்த்தை கதையுங்கள்... ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இனித் தனி.

போய் வாருங்கள் எட்வின் அண்ணன். அந்தக் கேள்வியை இனி நேரிலேயே கேளுங்கள்.