சாக்பீஸ் அண்ணனின் பேட்டரி

என் அண்ணனைத் தெருவில் 'சாக்பீஸ்' என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ வாத்தியார் என்று நினைத்து வணக்கம் வைப்பார்கள். அனல்மின் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் நிலக்கரி கொட்டும் இடத்தில் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டதும் கைகழுவிவிட்டார்கள். அதற்கப்புறம் அவருக்கு சோலார் பைத்தியம்.

யார் வீட்டு மொட்டைமாடியானாலும் காலையிலேயே போய் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று மணிக்கொரு தரம் சாக்பீஸால் கோடு போடுவார். சாயங்காலம் வரை கோடு விழாத இடத்தில்தான் சோலார் தகடு வைக்கச் சொல்வார். "வேற வேலை வெட்டி இல்லையா உங்களுக்கு?" என்று விரட்டியவர்கள் மாடியிலும் கடைசியில் தகடு ஏறியது. எங்கள் தெருவில் மட்டும் முப்பத்தோரு வீடு.

யாரும் பேட்டரி வைக்கவில்லை. பேட்டரி இல்லாத தகடு, தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று அப்படி ஓர் ஏற்பாடு. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பேட்டரி இருந்தது. முனையிலிருந்த கிளினிக்கில் தடுப்பூசி ஃபிரிட்ஜ் அடிக்கடி நிற்கிறது என்று, கர்ணன் மாதிரி அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

போன வருஷம் அவருக்கு ஆக்சிஜன் மெஷின் வந்தது. அது கரண்டில் ஓடுவது.

"பேட்டரியக் கேட்டு வாங்கிட்டு வரட்டுமாண்ணா?"

"குழந்தைங்க ஊசிம்மா அது. அங்க போய் நிக்காத."

நான் போய் நின்றேன். நர்ஸ் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும், "நாளைக்கே கழட்டித் தரச் சொல்றேங்க்கா" என்றாள். அவள் பின்னால் ஃபிரிட்ஜ் நிறைய ஊசி டப்பாக்கள். "இல்லம்மா, சும்மா உன்னப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயம்தான். வேறொன்றுமில்லை.

ஒரு புதன்கிழமை நண்பகலில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. கைவசம் இருந்த சிலிண்டர் இரண்டு மணிக்குத் தீர்ந்தது. ஆம்புலன்ஸுக்கு நாலு தரம் போன் போட்டேன். அண்ணன் ஜன்னல் வழியாக எதிர் மாடிகளைப் பார்த்தார். எல்லாத் தகடுகளும் பளபளவென்று சும்மா கிடந்தன.

"வெயில் எப்படி அடிக்குது பாரு" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். வண்டி வந்தபோது மணி மூன்றேகால்.

முப்பத்தோரு வீட்டுக்காரர்களும் வந்து அழுதார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பிறகு தெருவே சேர்ந்து கிளினிக்குக்குப் புது பேட்டரி வாங்கியது. பழையதை நர்ஸே கொண்டுவந்து எங்கள் வீட்டில் மாட்டச் செய்தாள்.

இப்போது கரண்ட் போனால் எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் ஓடும். அக்கம்பக்கத்தார் வந்து, அண்ணன் கட்டில் கிடந்த இடத்தில் காற்றாட உட்காருவார்கள்.

"நீங்களும் வந்து உக்காருங்கக்கா" என்பார்கள்.

கரண்ட் வரும்வரை நான் வாசலில், வெயிலில் நிற்பேன்.