கை வைத்த நாற்காலி

திருத்தணி பஞ்சாயத்து போர்டில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஆதி திராவிடர் சார்பில் சர்க்கார் ஒருவரை மெம்பராக நியமித்தது. ஒல்லியான ஆள், மீசை மட்டும் தாசில்தார் அளவுக்கு. பெஞ்சில் அவரோடு ஒட்டி உட்கார மாட்டோம் என்றார்கள் மற்ற மெம்பர்கள். தனியாகப் போடுவதற்கு, மாற்றலாகிப் போன வெள்ளைக்கார துரை விட்டுச்சென்ற கை வைத்த நாற்காலிதான் கிடைத்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதைத் துண்டால் தட்டி, கால்மேல் கால் போட்டுச் சாய்ந்துகொள்வார். தலைவருக்கோ கையில்லாத, கால் ஆடும் நாற்காலி.

கடைசியில் தலைவருக்குத் தாங்கவில்லை. "இன்னாத்துக்குத் தனியா குந்திகினு கீறே? பெஞ்சுக்கு வந்துடு."

"வர்றேங்க. எங்க சேரிக்குக் கெணறு வெட்டுங்க. தண்ணி ஊறுன அன்னிக்கு இந்த நாற்காலிய விட்டு எறங்கிக்கிறேன்."

வருஷக்கணக்காகக் கிடப்பில் கிடந்த கிணறு ஒரே மாதத்தில் வெட்டி முடிந்தது. தண்ணீரும் ஊறியது. அடுத்த கூட்டத்தில் தலைவர் ஆசையாக அந்த நாற்காலியில் சாய்ந்தார். இவர் நேராகப் போய்ப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் மெம்பர்கள் நெளிந்தார்கள்.

"தலைவரே கூப்ட்டாருங்க" என்றார்.

அவர் குறிவைத்தது கிணற்றையா, பெஞ்சையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.