அந்த வீட்டை வாங்க வேண்டாம் என்றவர்

நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஃப்ளாட் விலைக்கு வருகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். கதவைத் திறந்தது ஓனரின் அம்மா. ஒல்லியான உடம்பு, நெற்றியில் விபூதி, நைட்டியின் மேல் தோளில் ஒரு துண்டு. நான் அறை அறையாகப் பார்க்க, அவர் பின்னாலேயே வந்து அந்தத் துண்டால் ஜன்னல் கம்பிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விற்கப்போகிற வீட்டை யாரும் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை.

"அம்மாவுக்கு டவுன் ஒத்துக்கலை சார். சிவகங்கைப் பக்கம் எங்க ஊர்லயே வீடு கட்டிக் கூட்டிட்டுப் போயிடப்போறேன். அவங்களுக்காகத்தான் விக்கிறேன்," என்றார் மகன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

மகன் போன் பேச பால்கனிக்குப் போனதும் அந்த அம்மா பக்கத்தில் வந்தார்.

"எனக்கு இங்கதான் தம்பி பிடிச்சிருக்கு. சாயங்காலம் கீழ இறங்கி நடந்தா, எங்க போறேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஊர்ல வாசல் தாண்டினா நூறு கேள்வி."

"அதை மகன்கிட்ட சொல்லலாமேம்மா?"

"எனக்காகன்னு வேலையையே விட்டுட்டான். இனிமே எப்படிச் சொல்றது? நீங்க வீடு வேணாம்னு சொல்லிட்டுப் போயிடுங்க."

விலை கட்டுப்படியாகாது என்று மகனிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். லிஃப்ட் திறந்தது. கைக்குழந்தையோடு இறங்கிய கணவனும் மனைவியும், விலைக்கு இருக்கிற வீடு எது என்று என்னிடமே கேட்டார்கள். வேறென்ன செய்வது, கதவைக் காட்டினேன்.

அவர்களிடமும் சொல்லியிருப்பார். எத்தனை பேரிடம்தான் சொல்ல முடியும்?