நன்றிப் பூசைக்குப் பிறகு நொண்டின முழங்கால்

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் யோசெப்பினுக்கு வேலை. ஜூனில் புல்லுப் பிடுங்கிவிட்டு வந்து குளிக்கும்போது தொடையில் ஒரு உண்ணி. எள்ளளவுதான். நாலு நாளில் காய்ச்சல். ஒரு கிழமையில் சோதினைக்கு இரத்தம் குடுத்தா. உண்ணி கடிச்சு வாற லைம் நோய் இல்லையென்று பேப்பர் வந்தது.

"இது அவசரப்பட்டு முந்திச் செய்த சோதினை. இரத்தத்தில காட்டக் கிழமைக்கணக்கில எடுக்கும், வருத்தம் விடாட்டில் திரும்ப வாங்கோ" என்று டொக்டர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவவின்ர மனிசன் எமிலியானுஸ் "இல்லை" என்றதோடயே காதைப் பூட்டிவிட்டு ஜக்கெற்றைத் தேடத் தொடங்கியிருந்தார்.

அந்த ஞாயிறே கோயிலில் அவர் குடுத்த நன்றிப் பூசை. "யோசெப்பின் சுகம் பெற்றதற்காக" என்று மைக்கைப் பிடித்துப் பாதர் வாசித்தார். சுகம் பெற்றவ உடம்பு உளைவில் எழும்ப ஏலாமல் வாங்கிலில் இருந்தா.

ஓகஸ்டில் இடது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிச்சு.

"என்ன அக்கா, பூசையும் குடுத்திட்டு நொண்டுறியள்? மாதா கோவிக்கப்போறா," என்று கோயில் வாசலில், பூசைக்கு வாற ஜொய்சி சிரித்தா.

வீட்டில் எமிலியானுஸ்: "பேப்பரில இல்லையெண்டு கிடக்கு. இனிப் போய்க் குடுத்த பூசையைத் திருப்பி வாங்கிறதே?"

"நீங்கள் கட்டினது என்னையோ, பேப்பரையோ?"

அவ தனியப் பஸ் ஏறிப் போய்த் திரும்ப இரத்தம் குடுத்தா. இந்தமுறை "இருக்கு."

நாலு கிழமை குளிசை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த தங்கட வீட்டின் மூன்று மாடிப் படியையும் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறுகையால் எமிலியானுஸைப் பிடித்துத்தான் ஏறினா. பூசைக் கதையை அவர் எடுக்கவேயில்லை. நேரத்துக்குக் குளிசையும் தண்ணியும் மட்டும் கொண்டுவந்து நீட்டினார்.

குளிசை முடிந்த அன்று கிளினிக்குக்குப் போன் எடுத்தார். "திரும்ப இரத்தம் பாருங்கோ. இல்லையெண்டு வந்தால்தான் எனக்கு நிம்மதி."

நேர்ஸ் சொன்னதைக் கேட்க அவர் முகம் கறுத்தது. சுகமானாலும் அந்தச் சோதினை வருசக்கணக்கில் "இருக்கு" என்றே காட்டலாமாம். வருத்தம் மாறிட்டுதோ என்று அதால் சொல்ல ஏலாதாம்.

"இருக்கேக்க இல்லையெண்டுது. போனாப்பிறகும் இருக்கெண்டுமாம்!" போனைக் கதிரையில் எறிந்தார். "அப்ப நான் ஆரைக் கேக்கிறது?"

"என்னைக் கேளுங்கோ. ஜூன் தொடக்கம் சொல்லிக்கொண்டெல்லோ இருக்கிறன்."

எறிந்த போனை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு வந்து பக்கத்தில் குந்தினார்.

"எப்பிடி இருக்கு இப்ப?"

"வீக்கம் வத்தீட்டுது. படியேறேக்க இன்னும் பிடிக்குது."

"அப்ப பூசை?"

"நான் சொல்லுமட்டும் பாதரிட்டப் போகக்கூடாது."

"ஓம்," என்றார்.